சுண்ணாம்புக் கோட்டுக்குள்

செப்டிக் டேங்குக்கும் பெங்களூரா மாமரத்துக்கும் நடுவே
இருபத்துநாலுக்குப் பன்னிரண்டு.
ஓசூரிலிருந்து வந்த பையன்
சுண்ணாம்பைத் தூவிக் கட்டம் போட்டுவிட்டுப் போய்
மூன்று வாரம் ஆகிறது.
இந்தப் பக்கம் மூன்றரை அடி, மேடம்,
அந்தப் பக்கம் ஐந்தரை.
மொத்தம் முப்பத்தாறாயிரம் லிட்டர்.
ஒருதடவை நிரப்பினால் போதும்.

போதாது.
மாவட்டத்துத் தண்ணீரையெல்லாம்
அரை லிட்டர் பாட்டிலில் பார்ப்பவள் நான்.
பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி,
ஊர்ப்பெயரும் தேதியும் ஒட்டிக்கொண்டு லேபுக்கு வரும்.
ஃப்ளோரைடு ஒன்றரைக்கு மேல் போனால்
சிவப்பு மையில் வட்டம்.
மாசத்துக்கு ரெண்டு சிவப்புப் பேனா தீர்ந்துபோகும்.

எங்கள் வீட்டு போர்வெல் ஆயிரத்து நூற்றைம்பது அடி.
மூன்று புள்ளி இரண்டு.
குடிக்கக் கூடாது, குளிக்கலாம்.
அப்போ நீந்தலாம்தானே என்கிறார் முனிரத்தினம்,
பரீட்சையில் விடை கிடைத்துவிட்ட முகத்தோடு.

அவர் முதுகுதான் கேட்கிறது.
சவ்வு பிதுங்கியிருக்கிறது.
சேலத்து டாக்டர் மாத்திரைகளுக்குக் கீழே
நீச்சல் என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.
அது மட்டும் எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை.

பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
டேங்கர் மூன்று லோடு.
மாதப்பனிடம் விலை கேட்டபோது
கல்யாணமா என்றார்.
இல்லை, நீச்சல்குளம்.
வீட்டுக்கா?
சிரிக்கவில்லை, லாரி வால்வை
இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.
குளோரின், பம்ப், கரண்ட்.
சித்திரையில் வெயில் மட்டுமே குடிப்பது
நாளைக்குப் பன்னிரண்டு குடம்.
பின்தெருவில் கெம்பம்மா வீட்டில்
குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில்
பிடிப்பது எட்டு.
எட்டு என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்த பிறகும் எட்டாகவே தெரிந்தது.

விளம்பரத் தாளில் ஒருத்தி
நீலத்திலிருந்து தலை தூக்கிச் சிரிக்கிறாள்.
பல் அத்தனையும் வெள்ளை.
வேறு மாவட்டத்துக்காரி.
என் பல்லில் பழுப்புக் கோடுகள்,
நான் பிறந்த ஊர்க் கிணற்றின் கையெழுத்து.
போட்டோவுக்கு உதட்டை மூடிக்கொள்வேன்.

வேண்டாம் என்று சொல்லப்
பதினாலு காரணம் வைத்திருக்கிறேன்.
அத்தனையும் சரி.
பதினைந்தாவதாக ஒன்று இருக்கிறது,
அது காரணம் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை:
நாற்பத்தாறு வயசாகிறது,
என் தலைக்கு மேல் தண்ணீர் போனதே இல்லை.
பழமொழியில் போயிருக்கிறது,
வீட்டுக்கடனில் போயிருக்கிறது,
தண்ணீராகப் போனதில்லை.
அருவி முதுகில் அறைந்திருக்கிறது. அது அடி.
மற்றதெல்லாம் சொம்பு சொம்பாக வந்தது,
நானே மொண்டு நானே ஊற்றிக்கொண்டது.
இரண்டு காதும் மூழ்கினால் என்ன கேட்கும்?
லேபில் யாரும் இல்லாத ஒரு மதியம்
பாப்பாரப்பட்டி பாட்டிலைக் காதோடு வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஜில்லென்றிருந்தது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க்
கட்டத்துக்குள் போட்டார்.
முதுகு, முதுகு என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.
'நீ ஆழத்துல உட்கார்ந்திருக்கே, தெரியுமா?'
குனிந்து பார்த்தேன்.
மண். இரண்டு மாம்பிஞ்சு. ஓர் எறும்பு வரிசை.
நான் ஐந்தடி ஓரங்குலம்.
காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.

'நாளைக்கு அந்தப் பையன் போன் பண்ணுவான்.
வேண்டாம்னு சொல்லிடட்டுமா?'

மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.
அந்த ஆழத்தில் வாயைத் திறக்க முடியாது.